ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் அமைச்சர் பதவி: இதை ஏற்கலாமா?

அமராவதிக்கரை
30 செப்டம்பர் 2024

நேற்று ஆளுநர் மாளிகையில் நடந்த பதவியேற்பை டிவியில் பார்த்தேன். உதயநிதி துணை முதல்வர் ஆனது பற்றித்தான் எங்கும் பேச்சு. எனக்கு மனசு அதில் நிற்கவில்லை. செந்தில் பாலாஜி மறுபடியும் அமைச்சர். 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜாமீன் தருகிறது, 29ஆம் தேதி உறுதிமொழி எடுக்கிறார். 2023 ஜூனில் ஒன்றிய அரசின் அமலாக்கத் துறை கைது செய்யும் முன் வைத்திருந்த அதே மின்சாரத் துறை, அதே மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை.

நான் கரூர்க்காரன். தொகுதிக்காக உழைக்கிறவர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கல்யாணமோ சாவோ, கூப்பிட்டால் வந்து நிற்பார். வேலை என்று போனால் ஃபோன் போட்டுப் பேசுவார். அதனால்தான் 2019 இடைத்தேர்தலில் அரவக்குறிச்சியிலும் 2021இல் கரூரிலும் ஜெயித்தார். அதெல்லாம் சரி.

ஆனால் வழக்கு என்ன என்பதை ஊரே மறந்துவிட்டது போலிருக்கிறது. 2011 முதல் 2015 வரை அதிமுக ஆட்சியில் அவர் போக்குவரத்துத் துறை அமைச்சர். அப்போது ஓட்டுநர், நடத்துநர், உதவிப் பொறியாளர் போன்ற வேலைகளுக்குப் பணம் வாங்கினார்கள், கொடுத்த பலருக்கு வேலையும் வரவில்லை, பணமும் வரவில்லை என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு இன்னும் வரவில்லை, அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது பணக்காரனுக்கும் பணக்காரனுக்கும் நடந்த தகராறு இல்லை. நகையை அடகு வைத்தவர்கள், காட்டை விற்றவர்கள் கொடுத்த பணம். அவர்கள்தான் நாளைக்குக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜாமீன் நிபந்தனைப்படி திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவர் அமலாக்கத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே கையெழுத்து, மற்ற நாள்களில் கோட்டையில் கோப்புகளில் கையெழுத்து. இது நமக்கு உறுத்த வேண்டாமா?

கட்சி பார்க்காமல் பேசுவோம். நான் திமுகவுக்கு ஓட்டுப் போட்டவன்தான்.

கறுப்புசிவப்பு
30 செப்டம்பர் 2024

நண்பரே, கோபம் புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள்.

471 நாள் ஒரு மனிதரை விசாரணை முடியாமல் உள்ளே வைத்திருந்தார்கள். கைதான அன்று நெஞ்சுவலி, அடுத்த வாரமே பைபாஸ் அறுவை சிகிச்சை. சிறையிலிருந்து காணொளியில் காவல் நீட்டிப்பு, மறுபடி காவல் நீட்டிப்பு. விசாரணை இப்போதைக்கு முடியாது, அதுவரை உள்ளே வைப்பது நியாயம் இல்லை என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றமே விட்டிருக்கிறது. தண்டனை இல்லாத ஆளுக்குப் பதவி மறுப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அமலாக்கத் துறை யார் வீட்டுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். 2023 ஜூன் கடைசியில் பிரதமர் போபாலில் பேசும்போது தேசியவாத காங்கிரஸின் ஊழல் 70,000 கோடி ரூபாய் என்கிறார். ஜூலை 2ஆம் தேதி அதே கட்சியின் அஜித் பவார் பாஜக கூட்டணி ஆட்சியில் துணை முதல்வர். அங்கே யாருக்கும் உறுத்தவில்லை. எங்கள் ஆளை மட்டும் கேள்வி கேட்டால், கைது செய்தாலே ஒருவருடைய அரசியல் வாழ்க்கை முடிந்துவிடும் என்றாகிவிடும். நாளைக்கு டில்லி பிடிக்காத எந்த மாநில அமைச்சரையும் தூக்கலாம்.

முதல்வர் அவரைக் கைவிடவில்லை. என்னைப் பொறுத்தவரை அது விசுவாசம்.

பல்லவன் டிப்போ
30 செப்டம்பர் 2024

நான் 31 வருஷம் நடத்துநர். ஓய்வு பெற்றுவிட்டேன். சட்டம் எனக்குத் தெரியாது. அந்த வேலையின் அருமை தெரியும்.

விடிகாலை நாலு மணிக்கு முதல் ட்ரிப், இரவு பதினொரு மணிக்குக் கலெக்‌ஷன் கட்டிவிட்டு டிப்போவிலேயே படுக்கை. முதுகு போகும், தொண்டை போகும். ஆனாலும் பத்தாவது படித்த ஒரு கிராமத்துப் பையனுக்கு அதைவிடப் பெரிய வேலை கிடையாது. மாதச் சம்பளம், காக்கிச் சட்டை, பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். எனக்கு வேலை கிடைத்த அன்று எங்கள் அம்மா குலதெய்வம் கோவிலில் பொங்கல் வைத்தது. அதனால் அந்த வேலைக்காக ஒருத்தன் கடன் வாங்கிக் கொடுத்தான் என்றால் அவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கொடுத்தது தப்புதான். வேறு வழி இல்லை என்று நம்ப வைத்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

கறுப்புசிவப்பு தம்பி, 471 நாள் என்று எண்ணுகிறீர்கள். அந்தப் பையன்கள் 2014இலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மேலூர் வக்கீல்
1 அக்டோபர் 2024

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

அரசியலமைப்பின் 164ஆம் பிரிவுப்படி முதல்வரின் ஆலோசனையில் ஆளுநர் அமைச்சர்களை நியமிக்கிறார். வழக்கு நிலுவையில் இருப்பவரை நியமிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தகுதியிழப்பு வருவது தண்டனைக்குப் பிறகுதான். 2001இல் ஜெயலலிதா முதல்வரானது செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது வேறு கதை. அப்போது அவர் டான்சி நில ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டு, தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாமல் இருந்தார்.

நமக்கு நேராகப் பொருந்துவது 2014 ஆகஸ்டில் வந்த மனோஜ் நருலா தீர்ப்பு. கடுமையான குற்றச்சாட்டு பதிவானவர்களை அமைச்சராக்கத் தடை போடுங்கள் என்று கேட்ட வழக்கு அது. சட்டத்தில் இல்லாத தடையை நாங்கள் எழுதிச் சேர்க்க முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அதோடு விடவில்லை. பிரதமர், முதல்வர் பதவிகளில் அரசியலமைப்பு ஒரு நம்பிக்கையை வைத்திருக்கிறது, அப்படிப்பட்டவர்களை அமைச்சராக்க மாட்டார்கள் என்பதே அந்த நம்பிக்கை என்றும் சொன்னது. முடிவு முதல்வரின் விவேகத்துக்கு விடப்பட்டது.

ஆகவே "எந்தச் சட்டத்தில் இருக்கிறது" என்ற கேள்விக்கு, எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதே பதில். இல்லாததால்தான் மக்கள் பேச வேண்டியிருக்கிறது. சட்டம் தடுத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

இந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் நினைவுபடுத்துகிறேன். அவர் சிறையில் இருந்தபோது இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்ந்தார். 2023 செப்டம்பர் 5இல் தலைமை நீதிபதி அமர்வு, இப்படி வைத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை, நல்லாட்சிக்கும் அரசியல் தூய்மைக்கும் இது ஒத்துவராது என்று சொல்லி, முடிவெடுக்கும் பொறுப்பை முதல்வரிடமே விட்டது. அடுத்த மாதம் ஜாமீன் மறுக்கப்பட்டபோது, இன்னும் அமைச்சராக இருக்கிறார், சாட்சிகளைக் கலைக்க முடியும் என்பதும் ஒரு காரணமாக வந்தது. 2024 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். பிறகு ஜாமீன், உடனே திரும்பவும் அமைச்சர்.

வரிசையைப் பாருங்கள். ஜாமீனுக்குத் தடையாக இருந்த பதவி, ஜாமீன் கிடைத்ததும் கைக்கு வந்துவிட்டது. ஒரு வழக்கறிஞராக எனக்கு இது நெருடுகிறது. நாளைக்கு நான் ஆஜராகும் ஒருவரின் ராஜினாமாவை நீதிபதி எப்படி நம்புவார்?

கறுப்புசிவப்பு
1 அக்டோபர் 2024

வக்கீல் சார், ஆளுநரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? 2023 ஜூன் 29ஆம் தேதி முதல்வரைக் கேட்காமலே செந்தில் பாலாஜியை நீக்குகிறேன் என்று கடிதம் அனுப்பினார். அன்று இரவே நிறுத்தி வைக்கிறேன் என்று இன்னொரு கடிதம். சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழந்திருந்த எங்கள் பொன்முடிக்கு இந்த மார்ச்சில் என்ன நடந்தது? தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்த பிறகும் பதவிப் பிரமாணம் செய்து வைக்க மாட்டேன் என்றார். உச்ச நீதிமன்றம் கண்டித்த மறுநாள்தான் செய்து வைத்தார். இப்படிப்பட்டவர் கையில் நீக்கும் அதிகாரம் போனால் என்ன ஆகும்?

மேலூர் வக்கீல்
1 அக்டோபர் 2024

அதில் நான் உங்கள் பக்கம். முதல்வர் பரிந்துரைக்காமல் ஆளுநர் ஒரு அமைச்சரை நீக்க முடியாது. இந்த ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. ஆளுநர் செய்தது தவறு. ஆனால் அவர் செய்த தவறு முதல்வர் எடுத்த முடிவைச் சரியாக்கிவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்க்கலாம், நான் எதிர்க்கிறேன்.

அமராவதிக்கரை
1 அக்டோபர் 2024

விசுவாசம் என்றீர்கள். அவர் அதிமுகவில் அமைச்சர், அப்புறம் தினகரன் அணி, 2018 டிசம்பரில் திமுக. இந்தக் குற்றச்சாட்டு எழுந்தபோது அவர் இருந்தது எதிர் முகாமில். அப்போது திமுக மேடைகளில் இதைப் பற்றிப் பேசியதைக் கரூரில் நின்று கேட்டவன் நான். கட்சி மாறினால் புகார் மாறிவிடுமா? அஜித் பவாருக்கு நீங்கள் கேட்ட கேள்வி இது. அதே கேள்வியை நான் இங்கேயும் கேட்கிறேன்.

சாட்சிகள் பயப்படுவார்கள் என்பது வெறும் ஊகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021 மே மாதம் அவர் அமைச்சர் ஆகிறார். அதே ஜூலையில், பணம் கொடுத்து ஏமாந்தோம் என்று புகார் சொன்னவர்கள் சமரசம் ஆகிவிட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் வந்து நிற்கிறார்கள். அந்த வழக்கு ரத்தாகிறது. வேலை கிடைக்காத, சமரசத்தில் சேராத ஒருவர் விடாமல் உச்ச நீதிமன்றம் போனதால்தான் 2022 செப்டம்பரில் அதற்கு உயிர் வந்தது. ஊழல் என்பது இரண்டு பேருக்கு இடையில் பேசித் தீர்க்கிற கொடுக்கல் வாங்கல் இல்லை, சமுதாயத்துக்கு எதிரான குற்றம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அந்தச் சமரசத்துக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மே மாதம் பதவி, ஜூலை மாதம் சமரசம். தேதிகள் மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன. அந்தத் தேதிகள் என்னைத் தூங்க விடவில்லை.

வாசகி திருச்சி
2 அக்டோபர் 2024

நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள். சாட்சி என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

என் சித்தப்பா ஒரு நில வழக்கில் சாட்சி. எதிர்த்தரப்பு அந்த ஊரில் செல்வாக்கான ஆள், அமைச்சர் எல்லாம் இல்லை. யாரும் சித்தப்பாவை மிரட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "பையன் காலேஜ் முடிச்சிட்டானாமே, என்ன பண்ணப் போறான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். சித்தி அன்றிலிருந்து தினமும் அழுதார்கள். விசாரணை நாளில் சித்தப்பா கோர்ட்டில் எதுவும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் அந்தத் தெரு வழியாகப் போக மாட்டார்.

எங்களுக்கு நடந்தது ஒரு சின்ன ஊர்க் கதை. மின் இணைப்பிலிருந்து டாஸ்மாக் வரை கையில் வைத்திருக்கிற ஒரு அமைச்சர் என்றால், யாரும் வந்து காபி குடிக்கக்கூட வேண்டாம். பேரைக் கேட்டாலே போதும். அவர் நல்லவரா கெட்டவரா என்பது அப்புறம். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்வரை சாட்சி சொல்கிறவரின் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

உக்கடம்
2 அக்டோபர் 2024

எல்லோரும் சட்டம், தர்மம் என்று பேசுகிறீர்கள். ஏன் அவர் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. 2021 தேர்தலில் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியிலும் திமுக கூட்டணி தோற்றது. அதன் பிறகு பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். 2022 மாநகராட்சித் தேர்தலில் 100 வார்டில் 96 வார்டு கூட்டணிக்கு. பூத் வாரியாக ஆள் போட்டு வேலை வாங்குவதில் கொங்கு மண்டலத்தில் அவருக்கு இணை இல்லை என்று எதிர்க்கட்சிக்காரர்களே எங்களிடம் சொல்வார்கள். 2026 வருகிறது. கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அவர் உள்ளே இருந்தபோதுதான் இந்த வருஷம் கோவை நாடாளுமன்றத் தொகுதியைத் திமுக ஜெயித்தது. அப்படியானால் அவர் இல்லாமல் முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. கட்சி வேலைக்குத்தான் வேண்டும் என்றால் கட்சிப் பதவி கொடுக்கட்டும். மின்சாரத் துறை எதற்கு?

கறுப்புசிவப்பு
2 அக்டோபர் 2024

உக்கடம் கேட்ட கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாசகி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். விசாரணைக் கைதியைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்ற என் கருத்து மாறவில்லை. அமைச்சர் பதவி ஒருவருடைய உரிமை இல்லை என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேலூர் வக்கீல்
3 டிசம்பர் 2024

இழையை மேலே கொண்டுவருகிறேன். ஜாமீனைத் திரும்பப் பெறக் கோரிய மனுவில் நேற்று உச்ச நீதிமன்றம் வியப்பையே காட்டியிருக்கிறது. நாங்கள் ஜாமீன் தருகிறோம், நீங்கள் போய் அமைச்சர் ஆகிறீர்கள், சாட்சிகளுக்கு நெருக்கடி இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள் என்ற பொருளில் கேட்டிருக்கிறார்கள். ஜாமீன் தந்த அதே நீதிபதி அபய் ஓகா அமர்வு. ஜாமீன் தீர்ப்பை மாற்றப் போவதில்லை, சாட்சிகள் அச்சத்தில் இருக்கிறார்களா என்பதை மட்டும் பார்ப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பல்லவன் டிப்போ
3 டிசம்பர் 2024

நாம் இங்கே அக்டோபரில் கேட்டது. டில்லியில் கேட்க டிசம்பர் ஆகியிருக்கிறது. கேட்டார்களே, அந்த மட்டும் சந்தோஷம்.

அமராவதிக்கரை
24 ஏப்ரல் 2025

நேற்று நீதிமன்றம் நேராகவே கேட்டுவிட்டது. பதவி வேண்டுமா, சுதந்திரம் வேண்டுமா, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று. அவர் அமைச்சர் இல்லை என்ற நிலையை வைத்து ஜாமீன் வாங்கிவிட்டு உடனே அமைச்சர் ஆனது அவர்களுக்கும் உறுத்தியிருக்கிறது.

எனக்கு இதில் மகிழ்ச்சியைவிட வருத்தம்தான் அதிகம். ஏழு மாதம் ஆகியிருக்கிறது. இதை ஒரு நீதிபதி சொல்லியிருக்கக் கூடாது. முதல்வர் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, அவரே வேண்டாம் என்றிருக்க வேண்டும். நீதிமன்றம் மிரட்டித்தான் ஒரு மாநிலத்தின் அமைச்சரவை அமைய வேண்டுமா? கறுப்புசிவப்பு அன்றைக்குச் சொன்ன மாநில உரிமை இங்கேதான் அடிபடுகிறது. நம் வீட்டை நாம் பெருக்காமல் விட்டால் வெளியாள் துடைப்பத்தோடு வரத்தான் செய்வான்.

கறுப்புசிவப்பு
27 ஏப்ரல் 2025

ராஜினாமா செய்துவிட்டார். அமைச்சர் பொன்முடியும் விலகியிருக்கிறார், அவர் பேசிய சர்ச்சைப் பேச்சுக்காக. மின்சாரத் துறை அமைச்சர் சிவசங்கருக்கு, மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமிக்கு.

அமராவதிக்கரை, நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியோடு ஒத்துப்போகிறேன். கட்சிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், செப்டம்பரிலேயே அவரைக் கட்சி வேலைக்கு அனுப்பியிருந்தால் எங்களுக்கு இந்தத் தலைகுனிவு வந்திருக்காது. அமலாக்கத் துறை மீது எனக்கு இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

வாசகி திருச்சி
28 ஏப்ரல் 2025

சித்தப்பாவிடம் செய்தியைக் காட்டினேன். "சாட்சிக்காரங்களுக்குச் சொல்லிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மேலூர் வக்கீல்
21 ஆகஸ்ட் 2025

இந்த இழையில் இரண்டு செய்திகளைப் பதிந்துவிடுகிறேன்.

நேற்று மக்களவையில் அரசியலமைப்பின் 130ஆவது திருத்த மசோதாவை வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், 31ஆம் நாள் பிரதமரோ முதல்வரோ அமைச்சரோ பதவி இழப்பார். நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போகிறது. இது நாம் கேட்ட தீர்வு இல்லை. கைது செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அமைச்சரவையைக் கலைக்கும் அதிகாரமும் போய்விடும். தவிர, இந்த மசோதா காவலில் இருக்கும் நாளைத்தான் கணக்குப் பார்க்கிறது. வெளியே வந்ததும் மீண்டும் நியமிக்கத் தடை இல்லை. 2024 செப்டம்பரில் நடந்ததை இது தடுத்திருக்காது. நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்தபின், சாட்சி விசாரணை முடியும்வரை பதவி இல்லை என்று ஒரு சட்டம் வந்தால் அதை நான் ஆதரிப்பேன். முடிவு காவல் அதிகாரி கையில் இல்லாமல் நீதிபதி கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வழக்கின் நிலை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல், சாட்சிகள் 500 பேர். இத்தனை பேரை நிறுத்த கிரிக்கெட் மைதானம்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சமீபத்தில் சொன்னது. பணம் கொடுத்தவர்களையும் குற்றப் பட்டியலில் சேர்த்திருப்பதால்தான் எண்ணிக்கை இப்படி. இதனால் விசாரணை முடியவே முடியாது என்ற கவலையும் அந்த அமர்வில் வெளிப்பட்டது.

பல்லவன் டிப்போ
21 ஆகஸ்ட் 2025

அப்படியானால் கொடுத்தவனும் அதே பட்டியலில் நிற்கிறான். 2014இல் 25 வயதில் கொடுத்திருந்தால் அவனுக்கு இப்போது 36. காக்கிச் சட்டையும் இல்லை, பணமும் இல்லை, பெயருக்குப் பின்னால் ஒரு குற்ற எண். வக்கீல் ஐயா, அவர்களுக்காக யாராவது ஆஜராகிறார்களா? என்னால் முடிந்த சின்னத் தொகை கொடுக்கத் தயார். எங்கே கொடுப்பது என்று சொல்லுங்கள்.